குழல்: சொல்லையும் கருவியையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்லாங்குழல் கற்க வருகிறவர்கள், பழந்தமிழ்ப் பாடல் படிக்கிறவர்கள், பெண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் என மூன்று தரப்பினரும் இந்தச் சொல்லிடம் வந்து நிற்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றில் சொல்ல நிறைய இருக்கிறது.

குழல் என்றாலே புல்லாங்குழல்தானே?

இல்லை. நீண்டு உருண்டு உள்ளே கூடாக இருக்கும் எதுவும் தமிழில் குழல்தான். இசைக்கருவி அவற்றில் ஒன்று, அவ்வளவே. துப்பாக்கிக்குழல், மூச்சுக்குழல், குழல்விளக்கு என்று நாம் புழங்கும் சொற்களில் இசைக்கு இடமே இல்லை. விறகடுப்பை ஊதும் இரும்புக் குழாய்க்கு ஊதாங்குழல் என்று பெயர். யாழ்ப்பாணத்துச் சமையலறையில் குழல் புட்டு உண்டு. மாவையும் தேங்காய்ப்பூவையும் மாற்றி மாற்றிக் குழலில் அடைத்து அவிப்பார்கள். பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அவிக்கும் புட்டு வேறு. அரசியல் பேச்சில் 'ஆளுங்கட்சியின் ஊதுகுழல்' என்றால் தன் குரல் இல்லாமல் இன்னொருவர் ஊதுவதை ஒலிப்பவர் என்று பொருள்.

குழி, குழாய் ஆகியவையும் இதே குடும்பத்துச் சொற்களே. கன்னடத்தில் 'கொளலு', மலையாளத்தில் நம்மைப் போலவே 'குழல்'. ஆக, முதலில் நிற்பது துவாரம் என்ற கருத்து. ஊதுவதும் பாட்டு எழுவதும் அதன் பிறகு வந்தவை.

அப்படியானால் பெண்ணின் கூந்தலைக் குழல் என்பது எப்படி?

சுருட்டி முடித்தால் கூந்தலும் குழல் வடிவம் பெறுகிறது. பழந்தமிழ்ப் பெண்கள் கூந்தலை ஐந்து வகையாக முடித்ததை 'ஐம்பால்' என்பார்கள். அந்த ஐந்தில் ஒன்று குழல். நாளடைவில் முடிக்கும் முறையின் பெயர் கூந்தலுக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது.

கோயில்களில் இதை நன்றாகப் பார்க்கலாம். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் அம்மன் பெயர் ஏலவார்குழலி. திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவரின் துணைவி மட்டுவார்குழலி. இரண்டு பெயர்களும் மணம் வீசும் நீண்ட கூந்தலைச் சொல்கின்றன. இந்த அம்மன்கள் குழல் ஊதியதாக எந்தக் கதையும் இல்லை.

பூங்குழலி என்று பெயர் வைக்கலாமா? பொருள் என்ன?

தாராளமாக வைக்கலாம். பூச்சூடிய கூந்தலை உடையவள் என்று பொருள். கருங்குழலி என்றால் கரிய கூந்தலாள். இசைக்கருவியை நினைத்துப் பெயர் தேடுகிறீர்கள் என்றால் குழலிசை என்று வைக்கலாம்.

பாட்டில் வரும் குழல் கூந்தலா, கருவியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பாருங்கள். துளை, ஊதுதல், கோவலர் (இடையர்), தீம் (இனிய) என்ற அடை ஆகியவை வந்தால் கருவி. வார், நறு, பூ, முடித்தல் வந்தால் கூந்தல். வண்டு வந்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டு இடத்திலும் அது மொய்க்கும். 'குழலினிது யாழினிது' என்று குறள் தொடங்கும்போது யாழ் அருகில் இருப்பதால் ஐயமே எழுவதில்லை.

மூங்கிலில் செய்ததைப் 'புல்'லாங்குழல் என்பது ஏன்?

மூங்கில் புல் என்பதால்தான். இன்றைய தாவரவியல் மூங்கிலை நெல், கரும்பு, அறுகு ஆகியவற்றோடு புல் குடும்பத்தில் வைக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியலும் தன் வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது: 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப.' காழ் என்றால் வைரம், கெட்டியான பாகம். அது வெளிப்புறத்தில் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். பனையும் தென்னையும் இந்தக் கணக்கில் புல்தான். வெளியே வைரம், உள்ளே கூடு என்று நிற்கும் மூங்கிலைப் போல இந்த வரையறைக்குப் பொருந்துவது வேறில்லை. புல்லாகிய குழல் என்று பெயரைப் பிரித்துப் பார்த்தால் அது எதனால் ஆனது என்று பெயரே சொல்லிவிடுகிறது.

'புள்ளாங்குழல்' சரியா?

பிழை. புள் என்றால் பறவை. குழலோசை பறவையொலி போல இருக்கிறது என்று சிலர் விளக்கம் தருகிறார்கள், கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சொல் அங்கிருந்து வரவில்லை.

வேய்ங்குழல், வங்கியம், வேணு, முரளி எல்லாம் ஒன்றா?

வேய் என்றாலும் மூங்கில்தான். ஆகவே வேய்ங்குழலும் புல்லாங்குழலும் ஒரே கருவி, ஒரே காரணப்பெயர். வேணு, வம்சம் இரண்டும் வடமொழியில் மூங்கிலைக் குறிப்பவை. வம்சத்தின் வழியில் வந்தது வங்கியம். பின்னாளில் நாகசுரத்தைப் பெருவங்கியம் என்றும் சொன்னதால், வங்கியம் என்ற சொல்லைப் பார்த்தவுடன் புல்லாங்குழல் என்று முடிவுகட்ட வேண்டாம், சற்று நிதானியுங்கள். வடக்கே பான்சுரி, அதிலும் 'பான்ஸ்' என்பது மூங்கில். கேரளத்தில் ஓடக்குழல், ஓட என்பது அங்குள்ள ஒரு மூங்கில் இனம். எந்த ஊருக்குப் போனாலும் செய்பொருளை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள். கருவியைச் செய்தவர்களே பெயரும் வைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

முதன்முதலில் குழலை யார் செய்தார்கள்?

ஒரு ஆளையோ ஒரு நாட்டையோ காட்ட முடியாது. ஜெர்மனியின் தென்பகுதியில் ஹோலே ஃபெல்ஸ் என்ற குகையில் 2008இல் கழுகின எலும்பால் ஆன குழல் ஒன்று கிடைத்தது. ஐந்து விரல்துளைகள் கொண்ட அதன் வயது 35,000 ஆண்டுகளுக்கும் மேல். சீனாவின் ஜியாஹு என்ற ஊரில் கொக்கின எலும்பால் ஆன குழல்கள் கிடைத்துள்ளன. எலும்பு மண்ணுக்குள் தங்குகிறது, மூங்கில் மக்கிப்போகிறது. மூங்கில் விளைந்த நாடுகளின் பழமை அதனால் அகழ்வில் அகப்படுவதில்லை.

நமக்கு அகப்படுவது பாட்டு. கபிலரின் அகநானூற்றுப் பாடல் (82) ஒன்றில், அசையும் மூங்கிலில் வண்டு துளைத்த ஓட்டைகள் வழியே மேல்காற்று புகுந்து குழலிசை ஆகிறது. அருவியின் ஓசை முழவாகிறது, மயில் ஆடுகிறது. மனிதன் செய்வதற்கு முன்பே காட்டில் குழல் ஒலித்தது என்ற எண்ணத்தை இவ்வளவு எளிமையாகச் சொன்ன இன்னொரு இடத்தை நான் படித்ததில்லை.

அடுத்து பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் இடையன் தீக்கடைகோலைக் கையால் கடைந்து நெருப்பு உண்டாக்குகிறான். எரியும் கொள்ளியை மூங்கிலில் வைத்துத் துளையிடுகிறான். சுட்ட துளை கருகியிருக்கும் அல்லவா, அதனால் அதைக் 'கருந்துளைக் குழல்' என்கிறார் புலவர். அதில் பாலைப்பண் வாசித்து அலுத்ததும், உள்கூடான குமிழங்கொம்பை வளைத்து மரல்நார் கட்டி வில்யாழ் செய்து குறிஞ்சிப்பண்ணுக்கு மாறுகிறான். இன்றும் குழல் செய்பவர்கள் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித்தான் துளையிடுகிறார்கள். துளைக்கும் கருவி மட்டும் இரும்பாகிவிட்டது, சுடும் வேலை மாறவில்லை. புதுக்குழலின் துளை ஓரத்தை உற்றுப் பார்த்தால் அந்தக் கருமை தெரியும்.

தூம்பு என்பதும் குழலா?

அதுவும் ஊதுகருவிதான். மலைபடுகடாம் கூத்தரின் கருவிகளை வரிசைப்படுத்தும்போது யானை பெருமூச்சு விடுவது போல ஒலிக்கும் நெடிய தூம்பையும், குறுந்தூம்பையும், இனிய குழலையும் தனித்தனியாகச் சொல்கிறது. ஏரியிலிருந்து நீர் போகும் மதகுக் குழாய்க்கும் தூம்பு என்றுதான் பெயர். காற்று போனாலும் நீர் போனாலும் தமிழருக்குச் சொல் ஒன்றே.

கொன்றை, ஆம்பல், முல்லை என்று சிலப்பதிகாரத்தில் வருபவை பூக்களா, குழல்களா?

ஆய்ச்சியர் குரவையில் மாதரி வீட்டுப் பெண்கள் மாயவனை நினைத்துப் பாடும் மூன்று தாழிசைகளில் 'கொன்றையந் தீங்குழல்', 'ஆம்பலந் தீங்குழல்', 'முல்லையந் தீங்குழல்' என்று வருகின்றன. இவை கருவியின் வகையா, பண்ணின் பெயரா என்பதில் பழைய உரைகாரர்களிடமே இரு கருத்து உண்டு.

கொன்றையைக் கருவி என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. சரக்கொன்றைக் காயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கருத்து, உருண்டு, ஒரு முழ நீளம்கூடத் தொங்கும். உள்ளே தட்டுத்தட்டாய்த் தடுப்பும் பசையும் விதையும் இருக்கும். அவற்றைக் குடைந்து எடுத்தால் ஆயத்தமான குழல். 'கொன்றைப்பழக்குழல்' என்றே பழம்பாட்டில் தொடர் உண்டு. ஆம்பலுக்கு உரை தரும் விளக்கம் வேறு: குழலின் முனையில் ஆம்பல் பூ வடிவில் வெண்கலத்தால் அணைசு செய்து செருகுவதால் அந்தப் பெயர். அணைசு என்பது குழல்வாயில் பொருத்தும் உலோகப் பூண். அதே உரை, ஆம்பலைப் பண் என்று சொல்வோரையும் குறிப்பிடுகிறது. குறிஞ்சிப்பாட்டில் மாலை நேரத்தில் கோவலர் 'ஆம்பலந் தீங்குழல்' ஊதுவதாக வரும் இடத்தில் எந்தப் பொருளை வைத்தாலும் பாட்டு கெடுவதில்லை.

பழைய குழலின் அளவு, துளை எண்ணிக்கை ஏதாவது தெரியுமா?

தெரியும், வியக்கும் அளவுக்குத் துல்லியமாக. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில் குழல் செய்யும் முறை முழுவதும் இருக்கிறது. குழல் பயில்கிறவர்கள் ஒருமுறையாவது அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்து பொருள்களில் செய்யலாம், மூங்கிலே உத்தமம் என்கிறார். மரம் மிக இளையதாகவும் இருக்கக் கூடாது, மிக முதிர்ந்ததாகவும் இருக்கக் கூடாது. வெட்டியதை நிழலில் ஆறப்போட்டு, முறுக்காமல் பிளக்காமல் இருக்கிறதா என்று பார்த்து, ஓராண்டு கழித்தே கருவியாக்க வேண்டும். மூங்கில் உலர்ந்துவிட்டது என்று நம்பி அவசரப்பட்டு, வெயில் காலத்தில் கீறல் விழுந்த குழலைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஓராண்டின் அருமை புரியும்.

நீளம் 20 விரல். சுற்றளவு நாலரை விரல். விரலகலத்தை முக்கால் அங்குலம் என்று வைத்தால் சுமார் 15 அங்குல நீளம், ஒரு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட விட்டம். இன்று கச்சேரிகளில் கையாளும் குட்டையான குழல்களின் அளவுக்கு இது மிக நெருங்கி வருகிறது. இடமுகத்தை அடைத்து வலமுகத்தைத் திறந்துவிட வேண்டும். அடைத்த முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஊதும் வாய், அதிலிருந்து ஏழு விரல் விட்டு, கடைசி முனையிலும் இரண்டு விரல் விட்டு, நடுவே மிஞ்சும் ஒன்பது விரலில் எட்டுத் துளை. இரண்டும் ஏழும் இரண்டும் ஒன்பதும் கூட்டினால் இருபது, கணக்கு சரியாக வருகிறது.

அடுத்து அவர் சொல்வதுதான் என்னை நிறுத்திவைத்த இடம். எட்டுத் துளையில் ஒன்றை 'முத்திரை' என்று கழித்துவிட்டு, மீதி ஏழில் ஏழு விரல் வைக்க வேண்டும். இடக்கையில் பெருவிரலும் சிறுவிரலும் நீங்கலாக மூன்று, வலக்கையில் பெருவிரல் நீங்கலாக நான்கு. இன்றைய கர்நாடகக் குழலை எடுத்துப் பாருங்கள். விரல்துளை எட்டு, கடைசித் துளையை மூடாமல் விட்டு ஏழு விரலால் வாசிக்கிறோம். இடக்கை மூன்று, வலக்கை நான்கு. ஆசிரியர் முதல் வகுப்பில் சொல்லித்தரும் பிடி எழுத்துக்கு எழுத்து அந்த உரையில் இருக்கிறது.

கண்ணன் குழலை எந்தப் பக்கம் பிடித்தான்?

ஓவியம், சிற்பம், காலண்டர் எல்லாவற்றிலும் பெரும்பாலும் வலப்புறம். பாட்டிலும் அதுவே. பெரியாழ்வார் திருமொழியில் குழலூதலுக்கென்றே ஒரு பதிகம் உண்டு, 'நாவலம் பெரிய தீவினில்' என்று தொடங்குவது. அதில் 'இட அணரை இடத்தோளொடு சாய்த்து' என்கிறார். இடப்பக்கத் தாடை இடத்தோளை நோக்கிச் சாய்கிறது. குழலை வலப்புறம் நீட்டிப் பிடிப்பவருக்கு முகம் இயல்பாக அப்படித்தான் திரும்பும். இரு கையும் கூடுவது, புருவம் நெரிந்து ஏறுவது, மூச்சை அடக்கியதில் வயிறு குடமாவது, வாயின் கடை குவிவது, சிறு விரல்கள் தடவி இடம் மாறுவது, புருவத்தில் சிறுவியர்வை அரும்புவது என்று அந்தப் பதிகம் முழுக்க ஊதுகிறவரின் உடல் இருக்கிறது. மேய்ச்சலை மறந்து நிற்கும் மான்களை எல்லாரும் பாடுவார்கள். வியர்வையைப் பார்த்தவர் குழல் வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனாய நாயனார் யார்?

அறுபத்துமூவரில் ஒருவர், மழநாட்டுத் திருமங்கலத்து ஆயர். அந்த ஊர் லால்குடிக்கு அருகில் இருக்கிறது. மாடு மேய்க்கப் போனவர் பூத்து நின்ற கொன்றையைச் சிவனாகக் கண்டு, குழலில் ஐந்தெழுத்தை வாசித்தார் என்கிறது பெரியபுராணம். கோயில் பிராகாரத்தில் நாயன்மார் வரிசையைச் சுற்றும்போது கையில் குழலோடு நிற்பவரைக் கண்ணன் என்று எண்ணிவிடாதீர்கள்.

குழல் கச்சேரி மேடைக்கு எப்போது வந்தது?

தனிக்கச்சேரிக் கருவியாக அது நிலைபெற்றது கும்பகோணம் சரப சாஸ்திரியால். 1872இல் பிறந்தவர், சிறுவயதிலேயே கண்பார்வை இழந்தவர், 1904இல் மறைந்தார். அவர் மாணவர் பல்லடம் சஞ்சீவராவ் அடுத்த தலைமுறையை ஆண்டார். பிறகு திருவிடைமருதூரில் 1926இல் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் என்கிற மாலி. விரல் வைக்கும் விதத்தையும் உதட்டின் வேலையையும் மாற்றி, வாய்ப்பாட்டின் கமகத்தை, அதாவது சுரங்களை அசைத்துப் பாடும் முறையை, குழலுக்குள் கொண்டுவந்தார். அவருக்குப் பின் கர்நாடகக் குழல் வாசிக்கும் எவரிடமும் அந்தப் பாதை ஏதோ ஒரு விதத்தில் தென்படுகிறது. அவர் மாணவர் என். ரமணி நீளமான, கீழ்ச்சுருதிக் குழல்களையும் மேடைக்குக் கொண்டுவந்தார். சிக்கில் குஞ்சுமணியும் நீலாவும் இரட்டையராகப் புகழ்பெற்றார்கள். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் வழியில் வந்த டி. விஸ்வநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தார்.

பான்சுரிக்கும் நம் குழலுக்கும் என்ன வேறுபாடு?

துளையும் பிடியும். பான்சுரியில் பொதுவாக ஆறு விரல்துளை, மேல் மூன்றை மூடினால் ஸ. நம் குழலில் மேல் இரண்டை மூடினால் ஸ. பான்சுரி பெரும்பாலும் நீளமானது, கனத்த நாதம் உடையது. அந்த நீண்ட வடிவத்தை மேடைக்கு உரியதாக்கியவர் பன்னாலால் கோஷ் (1911–1960). ஒன்றில் பழகிய விரல் மற்றதில் தடுமாறும், அதனால் தொடக்கத்தில் இரண்டையும் கலந்து பழகாதீர்கள்.

'ஃப்ளூட்' என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது?

பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து. அதற்கு முந்திய மூலம் உறுதியாகவில்லை. அங்கும் சொல் கருவியோடு நிற்கவில்லை. கிரேக்கத் தூண்களில் மேலிருந்து கீழாக ஓடும் வரிப்பள்ளத்துக்கும், ஷாம்பெயின் ஊற்றும் நெடிய கண்ணாடிக் கோப்பைக்கும், துளையிடும் அலகில் சுருண்டேறும் பள்ளத்துக்கும், அட்டைப்பெட்டியின் நடுவே இருக்கும் நெளிவுத் தாளுக்கும் அதே பெயர். மேற்கத்திய ஃப்ளூட் இன்று வெள்ளி போன்ற உலோகத்தால் ஆனது, சாவிகள் கொண்டது. ஜெர்மானியர் தியோபால்ட் போம் 1847இல் உருவாக்கிய அமைப்பே அதன் அடிப்படை. மரத்தில் இருந்த காலத்தின் நினைவாக இசைக்குழுவில் அதை இன்னும் மரக்காற்றுக் கருவிகளோடுதான் சேர்க்கிறார்கள்.

நாகசுரம் குழல் இனமா?

இரண்டும் துளைக்கருவி. நாகசுரத்தில் வாயில் வைத்து ஊதும் சீவாளி அதிர்ந்து ஒலி பிறக்கிறது. குழலில் அதிரும் நாக்கு எதுவும் இல்லை. உதட்டிலிருந்து வரும் காற்று ஊதுதுளையின் விளிம்பில் மோதிப் பிளவுபட, உள்ளே இருக்கும் காற்றுத்தண்டு அதிர்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர் எத்தனை கட்டைக் குழல் வாங்கலாம்?

கட்டை என்பது சுருதி: ஒரு கட்டை என்றால் மேற்கத்திய ஸி, ஐந்து கட்டை என்றால் ஜி. கட்டை ஏற ஏறக் குழல் குட்டையாகும், துளைகளும் நெருங்கி வரும். பெரியவர்களுக்கு நாலரை அல்லது ஐந்து கட்டை கைக்கு அடங்கும். சின்னப் பிள்ளைகளுக்கு விரல் எட்டாவிட்டால் ஆறு, ஆறரை பார்க்கலாம், ஆனால் ஆசிரியர் வகுப்பில் எந்தச் சுருதியில் சொல்லித்தருகிறார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். கடையில் சுருதிப்பெட்டியைப் போடச் சொல்லி, ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த ஒருவரை ஊதவைத்து, கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஸ, ப இரண்டும் சேர்கின்றனவா என்று கேளுங்கள். வெளியே பூசியிருக்கும் வண்ணத்தையும் சுற்றியிருக்கும் நூலையும் பார்த்து வாங்க வேண்டாம்.